கம்புக்குச் சத்தம் இல்லை

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு என்மேல் தனிப் பிரியம் என்று பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை. அன்னூர் சந்தைக்குப் போனாலும், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தாலும், சுற்றிவளைத்து அந்தப் பேச்சில்தான் வந்து நிற்பேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் நான் பேசி வைத்ததை மகள் வயிற்றுப் பேத்தி எழுதித் தருகிறாள். "அமுச்சி, நீங்க பேசறதை அப்படியே எழுதுனா படிக்கறவிய திணறிப் போவாங்க" என்று சொல்லி, என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிவிட்டாள். நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே விட்டிருக்கிறாள். அந்த மட்டுக்கும் புண்ணியம்.

பூவோடு என்றால் தெரியாதவர்கள் இருப்பார்கள். மண்சட்டியில் விறகுக் கனலை நிரப்பி, கழுத்தைச் சுற்றி வேப்பிலை கட்டி, இரண்டு கையிலும் ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவதுதான் பூவோடு. திருவிழாவில் எத்தனையோ பேர் எடுப்பார்கள். ஆனால் முதல் பூவோடு ஒன்றுதான். அது நகர்ந்தால்தான் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். ரொம்ப காலம் பூசாரி வீட்டு அம்மாதான் அதை எடுத்தார். அவருக்கு முடியாமல் போனபோது, கோயிலைப் புதுசாகக் கட்டிய வருசத்தில் ஊருக்கு மருமகளாக வந்தவர்களில் ஒருத்தி எடுக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வருசம் வந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர்.

ஐந்தில் யார் என்பதை ஆத்தாளே சொல்ல வேண்டும் அல்லவா. பேர் எழுதிச் சீட்டுப் போடலாம் என்றார்கள். எங்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. சீட்டில் என் பேர்தான் இருக்கிறதா, எவள் பேரோ இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதனால் ஆளுக்கொரு விதை என்று முடிவாயிற்று. அவரவர் அப்பன் வீட்டில் எது விளைந்ததோ அது. ஒருத்தி ஆமணக்கு. ஒருத்தி பருத்தி. ஒருத்தி சோளம். எதிர்வீட்டுக்காரி கம்பு. என் அப்பனுக்குக் காடும் இல்லை, தோட்டமும் இல்லை. ரோட்டோரப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்கி விற்றவர். அதனால் நான் புளியமுத்து. அன்று மற்றவர்கள் முன்னால் அதை எடுத்து நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. பின்னால் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில், கழுவிக் கவிழ்த்த பித்தளைப் பாத்திரத்தை, எங்கள் பேச்சில் போசியை, ஆத்தா முன்னால் வைப்பார்கள். ஐந்து பேரும் விதையைப் போடுவோம். அந்த வருசம் ஊருக்கு வந்த புதுப்பெண் ஒருத்தி மஞ்சள் நீரில் கையை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே விட்டு ஒன்றை எடுப்பாள். எடுத்த விதையைக் கோயிலுக்குப் பின்னால் ஊன்றிவிடுவார்கள். மிச்சம் குருவிக்கு. அடுத்த வருசம் மறுபடி ஐந்தும் புதுசு.

முதல் வருசமே புளியமுத்து வந்தது. மூன்றாம் வருசமும் வந்தது. நாலாம் வருசமும். நான் தரையில் நடக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரியின் கதை வேறு. இரண்டாம் வருசம் அவள் மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, "என்ற பையனக் குடு ஆத்தா, மொதப் பூவோடு எடுக்கறேன்" என்று வேண்டிவிட்டாள். வெறும் பூவோடு என்று வேண்டியிருந்தால் அந்த வருசமே முடிந்திருக்கும். முதல் பூவோடு என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை மாற்ற முடியுமா? பையன் பிழைத்து எழுந்தான். கம்பு மட்டும் வரவில்லை. அடுத்த வருசமும் வரவில்லை. அதற்கடுத்த வருசமும்.

ஆமணக்குக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு வருசம் போசியைச் சுற்றி நிற்கும்போதே கேலி பேசினாள்.

"ஏன் அம்மணி, கம்பு போட்டா ஆத்தா கண்ணுக்கே தெரியாது. ஒரு அவரைக்கொட்டையாச்சும் கொண்டாந்து போடு."

"என்ற அப்பன் காட்டுல வெளஞ்சத வுட்டுப்போட்டு ஊரான் காட்டு அவரைய நான் ஏனுங்க போடோணும்?"

"அப்ப உங்கப்பனையே வந்து எடுத்துக் குடுக்கச் சொல்லு."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்தக் கேலிக்குள் என்ன இருந்தது என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

மகனுக்குத் தலைவலி என்றாலும் அவளுக்கு வேண்டுதல் ஞாபகம் வந்துவிடும். வராத வருசமெல்லாம் எங்கோ சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று நம்பினாள். "இத்தன வருசம் வரலீங்க அக்கா. அதெல்லாஞ் சேந்து இந்த வருசம் வந்துதானுங்க ஆகோணும்" என்பாள். ஆமாம் அம்மணி, வராமல் எங்கே போகும் என்பேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வருசமும் புளியமுத்தே வரும்.

பிறகு ஆமணக்குக்காரி இறந்துபோனாள். முதல் நாள் மாலை என் வீட்டில் வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனவள், காலையில் எழுந்திருக்கவில்லை. இழவு வீட்டில் எதிர்வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பொய் அழுகை இல்லை, கண் வீங்க அழுதாள். அழுகை ஓய்ந்ததும் மடியில் கையை வைத்து ஒரு விரலை மடக்கினாள். மீதி விரல்களைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள். எனக்குச் சொல்லவில்லை. வாய்க்குள்தான் சொன்னாள்.

வெயிலில்தான் உட்கார்ந்திருந்தோம். இருந்தும் முதுகில் ஈரத்துணி ஒட்டின மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் தினமும் காலையில் வாசலுக்கு வந்து என்னைக் கேட்க ஆரம்பித்தாள். "அக்கா, ஒடம்பு எப்படி இருக்குதுங்க? ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களா?" பால்காரன் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். பருத்திக்காரி வீட்டிலும் கேட்டாள், சோளக்காரி வீட்டிலும் கேட்டாள். முட்டி வலி என்று சொன்னால் தைலம் கொண்டுவந்து தேய்த்துவிடுவாள். அப்படித் தேய்க்க என் மகளுக்குக்கூட வராது. தேய்க்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பாள்.

ஆமணக்குக்காரி போன மறு வருசத் திருவிழாவுக்குப் போசியை நான்தான் புளி போட்டு விளக்கினேன். நான்கு பேர் நான்கு விதை போட்டோம். புதுப்பெண் கையை விட்டு எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் ஆமணக்கு முத்து. வழவழவென்று, புள்ளி புள்ளியாக.

மேளம் அடிக்கிறவர்கள் தானாக நிறுத்திவிட்டார்கள். யார் போட்டது என்று பூசாரி கேட்டார். யாரும் போடவில்லை. இறந்தவளின் மருமகள் கோயிலுக்கே வரவில்லை, தீட்டு கழியவில்லை. போசியைக் கவிழ்த்தார்கள். எங்கள் நான்கும் விழுந்தன. ஆக, உள்ளே ஐந்து இருந்திருக்கின்றன.

எதிர்வீட்டுக்காரி முன்னால் வந்தாள். "செத்துப்போனவ எப்படீங்க எடுப்பா? நான் எடுக்கறனுங்க, எனக்கு வேண்டுதல் இருக்குதுங்க" என்றாள்.

பூசாரி தலையை ஆட்டிவிட்டார். "ஆமணக்கு வந்திருக்குது அம்மணி. அவதான் போறா."

அந்த வருசம் முதல் இடத்தைக் காலியாக விட்டுப் போனோம். நான் இரண்டாவதாகப் பூவோடு ஏந்தி நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வெறும் இடம். காற்று அசையவில்லை. ஆனால் என் சட்டியிலிருந்து கிளம்பின புகை நேராக மேலே போகாமல், அந்த வெறும் இடத்துக்குள் போய் இடுப்பு உயரத்தில் நின்று நின்று நகர்ந்தது. மூன்று சுற்றும் அப்படித்தான். சுற்று முடிந்து சட்டியை இறக்கி வைத்தபோது கை சுடவே இல்லை. சந்தோசமாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று கேட்டால் இரண்டும்தான். அவள் கேலி பேசிக்கொண்டே போவது போல இருந்தது.

பருத்திக்காரி சர்க்கரை முற்றிப் போனாள். சோளக்காரி போன ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து, படுத்த படுக்கையாகி, போய்ச் சேர்ந்தாள். இரண்டு இழவிலும் அந்த விரல் மடங்கியதைப் பார்த்தேன். மூன்று. இரண்டு.

இந்த வருசம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் எதிர்வீட்டுக்காரியின் மகனுக்கு மூச்சு இரைத்தது. போத்தனூர்ப் பக்கம் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவன், நல்ல திடமான ஆள். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, ஆப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். பூவோடு முடிந்த மூன்றாம் நாள் கோயமுத்தூரில் ஆப்பரேசன். அவள் என்னிடம் வந்து அழவில்லை. "ஆத்தா கேக்கறாளுங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். "இந்த வாட்டி குடுக்காட்டி எடுத்துக்குவா."

அந்த நேரத்தில்தான் பேத்தி லீவுக்கு வந்தாள். சரவணம்பட்டியில் ஏதோ ஆபீசில், கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கிற வேலை. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், ஆத்தாளுக்கு என்மேல் இருக்கிற பிரியத்தைப் பற்றி.

"எத்தன வாட்டி வந்துச்சுங்க அமுச்சி?"

"ஒம்போது."

"மத்தவிகளுக்கு?"

சொல்லத் தெரியவில்லை. அவள் கோலமாவை எடுத்துச் சிமெண்டுத் தரையில் பெரிய கட்டம் இழுத்தாள். மேலே ஐந்து பேருக்கு ஐந்து கட்டம், கீழே வருசத்துக்கு ஒரு வரிசை, பத்தொன்பது வரிசை. "யாருக்கு வந்துச்சோ அந்த வெதைய அந்தக் கட்டத்துல வைங்க" என்றாள். எனக்கு வருசத்துக்கு நம்பர் தெரியாது. ஆனால் போர்க்குழாய் வற்றின வருசம், சின்ன மகள் குழந்தை பெற்ற வருசம், யானை வந்து சோளக்காட்டை மிதித்த வருசம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்தேன். அந்த யானைக் கதை பெரிய கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் பேத்தி போனை அணைத்துவிடுவாள்.

வைத்து முடித்து எழுந்து நின்று பார்த்தோம். புளியமுத்து ஒன்பது. ஆமணக்கு ஐந்து. பருத்தி மூன்று. சோளம் இரண்டு. கம்புக்குக் கீழே மேலிருந்து கடைசிவரை வெறும் வெள்ளைக் கோடு.

"படிக்கட்டு மாதிரி எறங்குதுங்க அமுச்சி" என்றாள்.

பிறகு போசியைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்து விதையும் போட்டு, என்னைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னாள். எடுத்ததைத் திரும்ப உள்ளே போடச் சொன்னாள். மறுபடி எடு, மறுபடி போடு. கை சலிக்கும்வரை எடுத்தேன். புளியமுத்துதான் பாதிக்கு மேல். கம்பு ஒரு தடவைகூட இல்லை. விரல் அதன்மேல் பட்டாலும் தெரியவில்லை.

"ஆத்தாளுக்கு உங்க மேல பிரியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க அமுச்சி. உங்க முத்து பெருசு. கைக்குப் பெருசுதான் மொதல்ல சிக்கும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கே பாவமாகிவிட்டது. அப்பளம் பொரித்துக்கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவ சொல்றா, இத்தன வருசம் வராதது சேந்து வருமுன்னு" என்று கேட்டேன்.

"சேராதுங்க. வருசா வருசம் புதுசாத்தானே போடறீங்க. போன வருசம் என்ன வந்துச்சுன்னு போசிக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு வருசமும் தனித்தனி."

"எப்பவுமே மாறாதா?"

"போட்டத எடுத்துப்போட்டு, திரும்பப் போடாம வுட்டா மாறும். ஒருத்தரு போனா அடுத்தவிகளுக்குப் பங்கு கூடும். அஞ்சுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, மூணுல ஒண்ணு. எல்லா வெதையும் ஒரே அளவா இருந்திருந்தா இப்ப உங்க ரெண்டு பேருக்கும் பாதிக்குப் பாதி."

எனக்கு அந்த விரல் மடங்கினது கண்ணுக்கு முன்னால் வந்தது. கட்டம் போடாமல், மாவு இழுக்காமல், எதிர்வீட்டுக்காரி இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டாள். விதையின் அளவை மட்டும்தான் பார்க்கவில்லை.

"அப்ப ஆமணக்கு? செத்தவளுக்கு எப்படி வந்துச்சு?"

"பழைய முத்து ஒண்ணு போசியில ஒட்டீட்டு இருந்திருக்குமுங்க."

"காலைல நான்தான வெளக்குனேன்."

அவள் கட்டத்தைப் பார்த்தாள். அந்த வருசத்து வரிசையில் இறந்தவளின் கட்டத்தில் ஆமணக்கு முத்து இருந்தது. "அது எனக்குத் தெரியலீங்க அமுச்சி" என்றாள். மாவுக் கட்டத்தை இரண்டு நாள் நான் பெருக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கம்புக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைச் சுற்றித்தான் நடந்தேன். மிதிக்க மனம் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவள் அப்பன் காட்டுக் கம்பைக் குறை சொன்னதாகும். அதைவிட மோசம், இத்தனை வருசமும் ஆத்தா அவளுக்குப் பதில் சொல்லவே இல்லை, இல்லையென்றுகூடச் சொல்லவில்லை என்று ஆகும். மகனுக்கு ஆப்பரேசன் வைத்திருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வேறொன்று செய்தேன்.

திருவிழா அன்று புளியமுத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். போசிக்குள் மூடின கையை விட்டு, விரித்து, வெளியே எடுத்தேன். ஒன்றும் போடவில்லை. எதிர்வீட்டுக்காரி கம்பைப் போட்டாள். பெரிய பித்தளைப் போசிக்குள் ஒரே ஒரு கம்பு. புதுப்பெண், பல்லடத்திலிருந்து வந்தவள், கண்ணை மூடிக் கையை விட்டாள்.

துழாவினாள். துழாவிக்கொண்டே இருந்தாள். வளையல் பித்தளையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏனுங்க, உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

"நல்லாப் பாரு கண்ணு" என்றார் பூசாரி.

மறுபடி விட்டாள். மறுபடி வெறுங்கை. எதிர்வீட்டுக்காரி ஆத்தா முகத்தைப் பார்க்கவில்லை, போசியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை விட்டபோது புதுப்பெண் சட்டென்று கையை உருவிக்கொண்டாள். உள்ளங்கை காலி. பூசாரி அவள் கையைத் திருப்பினார். மோதிர விரலின் பின்பக்கம், மஞ்சள் ஈரத்தில், ஒரு கம்பு ஒட்டியிருந்தது.

"கம்பு" என்றார்.

ஏன் கையை உருவினாய் என்று அந்தப் பெண்ணைப் பின்னால் கேட்டேன். "யாரோ வெரலப் புடிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

குலவை போட்டார்கள். எதிர்வீட்டுக்காரி அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் வந்து காதோரமாகப் பேசினாள்.

"சத்தம் கேக்கலீங்க அக்கா."

"என்ன சத்தம்?"

"உங்க முத்து வுழுந்தா டொக்குனு கேக்குமுங்க. பத்தொம்போது வருசமாக் கேட்டிருக்கறேன். கம்புக்குத்தான் சத்தம் இல்ல. இன்னைக்கு ரெண்டுமே கேக்கல."

என் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போனது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஆத்தாளுக்கும் காது உண்டுங்க" என்றாள். திரும்பிப் போய்ச் சட்டியை ஏந்திக்கொண்டாள்.

நான் அவளுக்குப் பின்னால் இரண்டாவது பூவோடு. முதல் பூவோட்டுக்கு முன்னால் மேளக்காரர்கள் நெருங்கித்தான் போவார்கள். அன்று அவள் அவர்களை ஒட்டி நடக்கவில்லை. முன்னால் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் நடந்தாள். அவர்கள் நின்றால் நின்றாள், நகர்ந்தால் நகர்ந்தாள், அந்த இடம் மட்டும் குறையவே இல்லை. மூன்று சுற்றும், யாருக்கோ வழிவிட்டுப் பின்னால் போகிறவள் மாதிரி.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. பையன் இப்போது பட்டறைக்குப் போகிறான், கனமானதைத் தூக்குவதில்லை. பேத்தியிடம் போனில் சொன்னேன்.

"சந்தோசமுங்க அமுச்சி. ஆனா பூவோட்டுக்கும் ஆப்பரேசனுக்கும் சம்பந்தமில்லீங்க. அது தனி, இது தனி. எடுக்காட்டியும் பையன் நல்லாத்தான் ஆயிருப்பாரு."

"எடுக்காம இருந்து பாத்தியா?"

"இல்லீங்க."

"அப்பறமென்ன."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆத்தாளுக்கு என்மேல் தனிப் பிரியம் இல்லை என்பதுகூட இப்போது எனக்குப் பழகிவிட்டது. அந்தப் புளியமுத்தை இன்னும் முடிச்சிலிருந்து அவிழ்க்கவில்லை. துவைக்கும்போது எடுத்து வைத்து, சேலை மாற்றினதும் மறுபடி முடிந்துகொள்கிறேன். ஊன்றவும் தோன்றவில்லை, எறியவும் தோன்றவில்லை.

ஒன்றுதான் மாறியிருக்கிறது. பூவோடு எடுத்த மறுநாளிலிருந்து எதிர்வீட்டுக்காரி என் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை. வாசல் தெளிக்கிறாள், கோலம் போடுகிறாள், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், உள்ளே போகிறாள். சண்டை இல்லை. குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறாள். முட்டி வலிக்கிறது என்று நானாகச் சொன்னேன். "அப்படீங்களா" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் காது அந்தக் குரலுக்குக் காத்திருக்கிறது. சாவிடமும் எங்கள் ஐந்து பேரைப் போட்ட ஒரு போசி இருக்கிறது. அதில் எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. அங்கே எது பெரிய முத்து, எது கம்பு என்று பேத்தியின் கட்டத்தில் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டே வாசலில் நின்றிருந்த ஒரு நாள், அவள் தண்ணீர் குடத்தோடு போனாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"ஒடம்பு எப்படி இருக்குது அம்மணி?" என்று கேட்டேன்.

அவள் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். முந்தானை முடிச்சைப் பிடித்திருந்த கையில் ஒரு விரல் மடங்கியிருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்கறேன் அக்கா" என்றாள். "ஏனுங்க கேக்கறீங்க?"